ஒதுங்க வேண்டியது யார்? லு மான், ஏ9, இன்னும் கொஞ்சம்

கேள்வி: 2025 ஜூன் 16, பின்னேரம் 5.10

ஜனவரியில் துபாய் 24 மணி நேர ஓட்டத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்ததிலிருந்து எங்கள் பெடியள் எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. இந்த முறை பிரான்சில் நடக்கிற 24 மணி நேரக் கார் ஓட்டமான லு மானை முழுக்கப் பார்ப்போம் என்று சனி இரவு ஏழரைக்கே கிளிநொச்சியில் ஒரு வீட்டில் கூடினோம். எனக்கு விளங்காத ஒன்று. முன்னணிக் கார்களுக்குக் குறுக்கே, தெருக் காரை மாற்றிச் செய்த மெதுவான ஜிடி கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஃபோர்முலா 1 இல் நீலக்கொடி காட்டினால் ஒதுங்கியே ஆக வேண்டும். இங்கே ஒதுங்காமல் தன் பாட்டில் போகிறார்கள். அதிலும் பாதிப்பேர் காசு கட்டி ஓட வருகிற அமெச்சூர் ஆட்கள். மெதுவானவன் ஒதுங்க வேண்டும், இல்லாவிட்டால் அவனை வேறு நாளில் ஓட விட வேண்டும். நான் சொல்வது சரிதானே?

பதில்: ஜூன் 16, இரவு 9.40

சரியில்லை. மெதுவானவன் ஒதுங்கினால்தான் ஆள் சாகும்.

ஜூன் 16, இரவு 10.25

மேலே எழுதியது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் போய்விட்டது. மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, காரணத்தையும் எழுதுங்கோ, சண்டைக்கு நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றான். எழுதுகிறேன்.

நான் 31 வருடம் பார வாகனம் ஓட்டியவன். முதலில் நெல் லொறி, பிறகு மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் பஸ், கடைசி ஒன்பது வருடம் கொழும்பு இரவு பஸ். இப்போது முழங்கால் விடாததால் வீட்டில் இருக்கிறேன். லு மான் பார்க்கத் தொடங்கியது 2011 இல். பார்த்த முதல் இரவே இது என் தொழில் என்று விளங்கிவிட்டது. மற்ற கார் ஓட்டங்களில் எல்லாரும் ஒரே மாதிரி வேகம். இதில்தான் றோட்டு மாதிரி, ஒருவன் பறக்கிறான், ஒருவன் ஊர்கிறான்.

நேற்று முடிந்த ஓட்டத்தில் 62 கார். ஹைப்பர்கார் என்ற வேகமான வகை 21, எல்.எம்.பி.2 என்ற நடு வகை 17, ஜிடி3 என்ற மெதுவான வகை 24. ஒரு சுற்று 13.626 கிலோமீற்றர், ஏறக்குறைய கிளிநொச்சி ரவுணிலிருந்து ஆனையிறவுக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள். ஹைப்பர்கார் அதை மூன்றரை நிமிடத்தில் முடிக்கும். ஜிடி3க்கு நாலு நிமிடம் பிடிக்கும். அப்படியென்றால் ஏழெட்டுச் சுற்றுக்கு ஒருமுறை அதே ஹைப்பர்கார் அதே ஜிடியின் பின்னால் வந்து நிற்கும். 24 மணித்தியாலத்தில் நாற்பது தடவைக்கு மேல். 24 ஜிடியால் பெருக்கிப் பார். ஒரு ஹைப்பர்கார் ஜிடிகளை மட்டுமே ஆயிரம் தரம் விலத்தி முந்துகிறது.

இனி ஜிடிக்காரனின் இருக்கையில் இருந்து பார். 21 ஹைப்பர்கார், ஒவ்வொன்றும் நாற்பது தரம். இரண்டு நிமிடம் போகவில்லை, அதற்குள் அடுத்த வெளிச்சம் கண்ணாடியில் விழுகிறது. நடு வகையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கினால் அவன் எப்போது ஓடுவது?

ஜூன் 17, விடிய 6.15

நித்திரை வரவில்லை. சட்டத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இந்த ஓட்டத்தில் நீலக்கொடி ஒரு தகவல் மட்டும்தான். "பின்னால் வேகமானவன் வருகிறான்" என்று சொல்லும், அவ்வளவுதான். பத்திரமாக விலத்துவது வருகிறவனின் பொறுப்பு. போகிறவன் தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு, எதிர்பார்த்த இடத்தில் பிறேக் பிடித்து, எதிர்பார்த்த இடத்தில் திரும்ப வேண்டும். திடீரென்று நல்ல மனிதனாக மாறக் கூடாது.

நல்ல மனிதனாக மாறி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். போர் முடிந்து றோட்டுக்குக் காப்பெற் தார் போட்ட புதிது. லொறியில் நூற்றிருபது மூடை நெல். ஏ9 றோட்டில் புளியங்குளம் தாண்டி ஓமந்தைப் பக்கம் வருகிறேன், பொழுது படுகிற நேரம். பின்னால் ஒரு வான், ஐந்து நிமிடமாக ஹோர்ன் அடிக்கிறான். பாவம், யாருக்கோ அவசரம் போல என்று இடப்பக்க சிக்னலைப் போட்டு, கையையும் காட்டி, லொறியைக் கரைக்கு இறக்கினேன். புதுக் காப்பெற்றின் விளிம்புக்கும் கிரவலுக்கும் ஒரு சாண் பள்ளம். இடப்பக்கச் சில்லு அதில் விழுந்ததும் பாரம் இடப்பக்கம் சரிந்தது. நான் ஸ்ரேரிங்கை வலப்பக்கம் இழுத்தேன். சில்லு விளிம்பில் ஏற மறுத்து, மறுத்து, ஒரேயடியாக ஏறியது. ஏறின வேகத்தில் லொறி நடு றோட்டுக்குப் பாய்ந்தது. வான் அப்போதுதான் சரியாக என் கதவுக்குப் பக்கத்தில்.

என் கண்ணாடியும் அவன் கண்ணாடியும் மோதின சத்தம் மட்டும் கேட்டது. மடியில் கண்ணாடித் துண்டு. ஒரு முழம் கூடப் போயிருந்தால் வானுக்குள் இருந்த கலியாண வீட்டுச் சனம் அவ்வளவும் பற்றைக்குள். இறங்கி வந்த றைவர் என்னை அடிக்கத்தான் வந்தான். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் தந்தான்.

நான் என் கோட்டிலேயே போயிருந்தால் அவன் இன்னும் இரண்டு நிமிடம் ஹோர்ன் அடித்திருப்பான். அவ்வளவுதான் நட்டம்.

ஜூன் 17, பகல் 12.50

ஹோர்ன் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே ஹோர்ன் இல்லை, முன் லைற்றை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் ஜிடிக்கு மஞ்சள் விளக்கு, வேகமானவற்றுக்கு வெள்ளை. இரவில் கண்ணாடியில் விழுகிற நிறத்தை வைத்தே வருகிறவன் தன்னோடு போட்டி போடுகிறவனா, விலத்திப் போகப் போகிறவனா என்று தெரிந்துவிடும். எங்கள் றோட்டில் வெள்ளை, மஞ்சள், நீலம், நாலு கலரில் மினுங்குகிற சாமிப்பட லைற் எல்லாம் ஒரே பஸ்ஸில் இருக்கும்.

ஜூன் 18, இரவு 8.30

அமெச்சூர் ஆட்களைத் தடை செய்ய வேண்டும் என்கிற கதைக்கு வருகிறேன். ஓட்டுநர்களை பிளாற்றினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நாலாகப் பிரித்திருக்கிறார்கள். ஜிடி3 காரில் ஓடுகிற மூன்று பேரில் ஒருவராவது வெண்கலமாக இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களில் பலர் தொழிலில் உழைத்ததை இதில் கொட்டுகிறவர்கள். அவர்களை எடுத்துவிட்டால் 24 ஜிடியில் எத்தனை மிஞ்சும்?

அதோடு, பெரிய மோதல்களில் வல்லுநர்களின் கை எவ்வளவு என்று பார். நான் பார்த்த முதல் லு மானான 2011 இல் அவுடியின் மூன்று காரில் இரண்டு அன்றிரவே சிதறியது. அலன் மக்னிஷ் தன் அணியின் இன்னொரு காரை விலத்தப் போய், பக்கத்தில் இருந்த ஜிடி பெராரியோடு முட்டி, பறந்துபோய்த் தடுப்பில் அடித்தார். ரயர் கழன்று, படப்பிடிப்பாளர்கள் நின்ற பக்கம் துண்டுகள் பறந்தன. மைக் ரொக்கன்ஃபெல்லர் இன்னொரு பெராரியை விலத்தும்போது அடிபட்டார். கார் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். மிஞ்சின ஒற்றை அவுடி அடுத்த நாள் பேஜோவை 13.854 செக்கனில் வென்றது. 24 மணித்தியாலம் ஓடி, பதினாலு செக்கன்.

மக்னிஷ் அனுபவம் இல்லாதவரா? அதற்கு முன்னரே இரண்டு தரம் லு மான் வென்றவர். அவர் கண் முழுக்கத் தன் அணிக்காரன் மேல். இடையில் ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறான் என்பதைப் பிந்தித்தான் கணக்கில் எடுத்தார் என்று நினைக்கிறேன். இரண்டு பஸ் போட்டி போடும்போது நடுவில் சைக்கிளில் போகிற கிழவனை எண்ணாமல் விடுகிற மாதிரி.

ஜூன் 18, இரவு 8.55

பிழை விட்டுவிட்டேன். "அன்றிரவே இரண்டும்" என்று எழுதினேன். மக்னிஷின் மோதல் பகல் வெளிச்சத்தில், ஓட்டம் தொடங்கி ஒரு மணித்தியாலம் வரையில். ரொக்கன்ஃபெல்லர்தான் இரவு. எங்கள் நேரத்துக்கு இரண்டுமே இரவு, அதுதான் தலையில் அப்படிப் பதிந்துவிட்டது. பிரான்சில் பின்னேரம் நாலு மணி, இங்கே ஏழரை.

ஜூன் 19, காலை

இன்னொரு பிழை, இது பெரியது. இரவு முழுக்க உறுத்தியது.

பொறுப்பு முழுக்கப் பின்னால் வருகிறவனுக்குத்தான் என்று அடித்துச் சொன்னேன். ஆனால் ரொக்கன்ஃபெல்லரோடு முட்டின பெராரியை ஓட்டியவரை அதிகாரிகள் அதன் பிறகு அந்த ஓட்டத்தில் ஓட விடவில்லை. அவர் அமெச்சூர்தான். அதாவது, போகிறவன் கோட்டைப் பிடித்தால் மட்டும் போதாது, கண்ணாடியும் பார்க்க வேண்டும் என்று தீர்த்தார்கள்.

அடுத்த வருடம், 2012, அன்டனி டேவிட்சன். டொயோட்டாவில் முல்சான் நேர்ப்பாதையின் முடிவில் ஒரு பெராரியின் உள்பக்கத்தால் விலத்தப் போனார். பெராரிக்காரர் பக்கத்தில் கார் வந்துவிட்டதைக் காணாமல் திரும்பினார். டொயோட்டா காற்றில் எழும்பிப் புரண்டு தடுப்பில் குத்தியது. டேவிட்சனுக்கு இரண்டு முள்ளந்தண்டு எலும்பு உடைந்தது. இதில் யார் பிழை? முந்தாநாள் கேட்டிருந்தால் டேவிட்சன் என்று பட்டென்று சொல்லியிருப்பேன். ஒரு வளைவு பொறுத்துப் போயிருக்கலாம். ஆனால் ஆயிரம் தரமும் பொறுத்துப் போகிறவனுக்கு லு மானில் இருக்கை கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு செக்கன் பொறுத்தால் ஆயிரம் செக்கன், அது நாலைந்து சுற்று. மேலே பார், பதினாலு செக்கனில் வென்றவர்கள் இவர்கள்.

டேவிட்சன் திரும்பி வந்து 2014 இல் நெடுநேர ஓட்டத்தின் உலகச் சம்பியன் ஆனார். அது வேறு கதை.

ஜூன் 19, பின்னேரம்

"பொறுத்துப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது பத்திரம்தானே" என்று ஒருவர். எப்போதும் இல்லை. 1999 இல் மெர்சிடிஸ் சி.எல்.ஆர். கார்கள் முன்னால் போகிற காரின் பின்னால் ஒட்டிப் போய், றோட்டு மேடேறுகிற இடத்தில் முன்பக்கம் தூக்கி அப்படியே ஆகாயத்துக்குப் போயின. மார்க் வெபர் இரண்டு தரம். பீற்றர் டம்பிரெக் ஓட்டத்தின் நடுவில் தடுப்புக்கு மேலால் பறந்து மரங்களுக்குள் போய் விழுந்தார், உயிருக்கு ஒன்றும் இல்லை. முன்னால் கார் இருந்தால் காற்று உன் மூக்கை அமத்தாது. எங்களுக்கு அந்தப் பயம் இல்லை, எங்கள் பஸ் பறக்காது. எங்களுக்குத் தூசியும் வைக்கோலும்தான்.

ஜூன் 20

மண்ணெண்ணெய்க் காலத்தில் எப்படி முந்தினீர்கள் என்று ஒரு குறும்பன் கேட்டிருக்கிறான். முந்தவில்லை. தொண்ணூறுகளில், போர் நடந்த காலம், பெற்றோல் தங்க விலை. காபறேற்றருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வேண்டும். மிதித்தால் புகைதான் வரும், வேகம் வராது. முன்னால் போகிறவனின் புகைக்குள் நீ, உன் புகைக்குள் பின்னால் வருகிறவன். இரவில் ஹெலிக்குப் பயந்து லைற்றும் போடுவதில்லை. நிலவு இருந்தால் றோட்டுத் தெரியும், இல்லாவிட்டால் கிளீனர் முன்னால் வெள்ளைச் சாரத்தோடு நடப்பான், அவன் பின்னால் லொறி ஊரும். அந்தக் காலத்தில் நான் ஒருவரையும் இடிக்கவில்லை. காப்பெற் வந்த பிறகுதான் எல்லாம்.

ஜூன் 21, இரவு. நீளமாக வரும், பொறுமை இல்லாதவர்கள் தாண்டுங்கள்

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் 1955 லு மான். நானும் வந்துவிட்டேன்.

ஜூன் 11, பின்னேரம் ஆறரை மணி வரை. மைக் ஹோதோர்ன் ஜாகுவாரில் முன்னணியில். லான்ஸ் மக்லினின் ஒஸ்டின்-ஹீலியை, அது மெதுவான வகைக் கார், விலத்தினார். விலத்தியவர் உடனே வலப்பக்கம் எடுத்து, பிற் என்கிற தரிப்பிடத்துக்குப் போக பிறேக் பிடித்தார். ஜாகுவாரின் டிஸ்க் பிறேக் அந்தக் காலத்துக்குப் பேய் பிறேக். பின்னால் இருந்த மக்லின் இடிபடாமல் இருக்க இடப்பக்கம் வெட்டினார். அந்த இடப்பக்கத்தில் அவரை விட எவ்வளவோ வேகத்தில் பியேர் லெவெக்கின் மெர்சிடிஸ் வந்துகொண்டிருந்தது. ஹீலியின் சரிவான பின்பக்கம் அதற்கு ஏணி மாதிரி ஆனது. மெர்சிடிஸ் ஏறிப் பறந்து மண்மேட்டில் அடித்து உடைந்தது. எஞ்சினும் முன் அச்சும் பொனெற்றும் சனத்துக்குள் போயின. எண்பதுக்கு மேற்பட்ட சனம் செத்தது. லெவெக்கும் போனார், வயது 49. அவருக்குப் பின்னால் இன்னொரு மெர்சிடிஸில் வந்த பங்கியோ, லெவெக் கையைத் தூக்கி எச்சரித்ததால்தான் தான் தப்பினேன் என்று சொன்னார்.

ஓட்டத்தை நிறுத்தவில்லை. சனம் ஒரேயடியாகக் கிளம்பினால் அம்புலன்ஸ் போக வழி இருக்காது என்று காரணம் சொன்னார்கள். மெர்சிடிஸ் நடுச்சாமம் தாண்டித் தன் மற்றக் கார்களையும் திருப்பி எடுத்தது. ஹோதோர்னின் ஜாகுவார் வென்றது. சுவிற்சர்லாந்து தன் நாட்டில் சுற்றுப்பாதைக் கார் ஓட்டத்தையே தடை செய்தது. விசாரணை ஓட்டுநர் ஒருவரையும் குற்றவாளி ஆக்கவில்லை. தரிப்பிடத்துக்குத் தனிப் பாதையே இல்லாத, ஒடுங்கின அந்த இடத்தைத்தான் சொன்னார்கள்.

இதை நான் முதலில் வாசித்தபோது இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மனிசி காய்ச்சலோ என்று கேட்டாள்.

ஏனென்றால் அது என் பஸ். நான் முல்லைத்தீவுப் பக்கம் ஓடிய காலத்தில், முன்னால் இன்னொரு பஸ் போகும், இரண்டுக்கும் அரை மணித்தியால இடைவெளி என்று கடதாசியில் இருக்கும், றோட்டில் இருக்காது. அடுத்த பஸ் ஹோல்ட்டில் நிற்கிற சனம் யாருக்கு என்பதுதான் கேள்வி. ஒரு விடியற்காலை, ஒட்டுசுட்டான் பக்கம். பால்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில், இரண்டு பக்கமும் பால் கலன். அவரை விலத்தினேன். நல்ல வடிவாக, இடம் விட்டு, ஹோர்ன் அடித்து, ஒரு குறையும் இல்லாமல் விலத்தினேன். விலத்தி முடிந்து இரண்டு பஸ் நீளம் போகவில்லை, ஹோல்ட்டில் இரண்டு பொம்பிளையள் கை காட்டினார்கள். பிறேக்கை மிதித்தேன்.

பின்னால் "டங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நடத்துனர் தகரத்தில் தட்டுகிறான் என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் பால் றோட்டு முழுக்க ஓடி, என் பின் சில்லுக்குக் கீழே வந்து, தாரில் வெள்ளையாக இரண்டாகப் பிரிந்து போகிறது. மனுசன் முழங்கை உரிந்து கரையில் இருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. எழும்பி வந்து, நெளிந்த கலனை நிமிர்த்தி, மூடியைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். பிறகு மற்றக் கலனையும் திறந்து பார்த்தார். நடத்துனர் காசு கொடுத்தான், வாங்கினார். ஏறின இரண்டு பொம்பிளையளும் "கெதியா எடுங்கோ, நேரம் போகுது" என்றார்கள்.

நான் வருடக்கணக்காக என்னைச் சரி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பின்னால் வந்தவர், பின்னால் வருகிறவன்தானே இடைவெளி விட வேண்டும்? ஆனால் அந்த இடைவெளியைத் தின்றவன் நான். அவர் விட்டிருந்த இடைவெளிக்குள் என் பஸ்ஸைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்குள்ளேயே பிறேக்கும் பிடித்தேன். ஹோதோர்னும் அதைத்தான் செய்தார். என் வால் அவர் மூக்கைத் தாண்டினவுடன் முந்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பால்காரருக்கு அது அப்போதுதான் தொடங்கியிருந்தது.

எனவே 16ஆம் திகதி எழுதிய முதல் வரியைத் திருத்துகிறேன். யார் ஒதுங்குவது என்கிற கேள்வியே பாதிக் கேள்வி. விலத்தினவன், தான் இப்போது முன்னால் போகிறவன் ஆகிவிட்டான் என்பதை எத்தனை செக்கனில் உணர்கிறான் என்பது மற்றப் பாதி.

ஜூன் 22

இல்லை, பால்காரரின் பெயரை எழுத மாட்டேன். இருக்கிறார். மகள் ஆசிரியை.

ஜூன் 22, பின்னேரம்

இந்த வருடம் வென்ற 83 ஆம் இலக்க மஞ்சள் பெராரி பற்றி. றொபேட் கூபிட்சா, யே யிபெய், பில் ஹான்சன். கடைசியில் கோட்டைத் தாண்டினது கூபிட்சா. போன வருடம், 2024, அதே இலக்கம், அதே கூபிட்சா, ஒரு ஜிடியை விலத்துகிற நேரத்தில் பக்கத்தில் வந்த பி.எம்.டபிள்யூ. ஹைப்பர்காரை நெருக்கி, அது தடுப்பில் போய் அடித்தது. 30 செக்கன் தண்டனை கொடுத்தார்கள். மக்னிஷின் கதையேதான்: இரண்டு வேகக்காரரும், நடுவில் தன் பாட்டில் போன ஒரு மெதுக்காரனும். அந்த ஜிடிக்காரன் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தேன். "நான் ஒண்டும் செய்யேல்லை."

ஒரு வருடம் கழித்து அதே மனிதர் இரவும் பகலும் ஓடி வென்றார். ஆள் மாறினாரா, அதிர்ஷ்டம் மாறினதா? ஆளும் கொஞ்சம் மாறியிருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் பால்காரருக்குப் பிறகு கால் கொஞ்சம் பிந்தித்தான் பிறேக்குக்குப் போனது.

ஜூன் 24, இரவு

நித்திரை பற்றி எழுதச் சொன்னார்கள். லு மானில் ஒருவர் எந்த ஆறு மணித்தியாலத்திலும் நாலுக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாக 14 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. முன்பு அப்படி இல்லை. 1952 இல் ஒருவர் கூட்டாளியிடம் ஸ்ரேரிங்கைக் கொடுக்காமல் 22 மணித்தியாலத்துக்கு மேல் தனியே ஓட்டினார். வெல்லப் போகிறார் என்று இருக்கும்போது, கடைசிக் கட்டத்தில் எஞ்சின் போனது. களைப்பில் கியர் மாறிப் போட்டார் என்று சொல்லப்படுகிறது. யார் தெரியுமா? லெவெக். மேலே சொன்ன அதே லெவெக்.

இரவு பஸ்ஸில் விடிய மூன்று மணிக்கு என் கண் செய்கிற வேலையைச் சொல்கிறேன். கண் மூடாது. திறந்துதான் இருக்கும். தூரம்தான் பொய்யாகும். எதிரே ஒற்றை லைற் வந்தால் மோட்டார் சைக்கிள் என்று மூளை சொல்லும். மோட்டார் சைக்கிள் என்றால் இடம் இருக்கிறது, விலத்து என்று கால் சொல்லும். கிட்ட வந்த பிறகுதான் அது ஒற்றைக் கண் லொறி, எரிகிற லைற் உன் பக்கம் இல்லை, கரைப் பக்கம் என்று தெரியும். மாங்குளத்துக்குத் தெற்கே ஒருமுறை அப்படி வந்த லொறியின் வலப்பக்கம் முழுக்க இருட்டு. நான் போகவில்லை. போகாததற்குப் புத்தி காரணம் இல்லை, முன்னால் போன உழவு மெசினின் பெட்டியிலிருந்து வைக்கோல் பறந்து கண்ணாடியில் ஒட்டியதால் வைப்பரைப் போட்டேன், அந்த இரண்டு செக்கன்.

லு மானில் எதிரே ஒருவரும் வர மாட்டார்கள். எருமையும் படுத்திருக்காது. அந்தச் சுகம் அவர்களுக்கு.

ஜூன் 25

தாழ்ந்த வெயில் கண்ணை மறைப்பதை ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி, மறந்துபோனேன். 2014 ஜனவரி, அமெரிக்காவில் டேற்றோனா 24 மணி நேர ஓட்டம். மெமோ கிட்லி முன்னால் போன காரை விலத்த வெளியே எடுத்தார். அந்தக் காருக்கு முன்னால் ஒரு பெராரி சக்தி இழந்து ஊர்ந்துகொண்டிருந்தது. முன் கார் மறைத்தது, போதாததற்குத் தாழ்ந்த வெயில். முழு வேகத்தில் போய் இடித்தார். இரண்டு பேரும் பிழைத்தார்கள், கிட்லிக்கு முதுகெலும்பில் பெரிய காயம்.

புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து பார், நான் சொல்வது விளங்கும். வெயில் நேரே நெற்றியில். முன்னால் போகிற ரிப்பர் லொறி ஒரு கறுப்புச் சதுரம். அதற்கு முன்னால் என்ன என்று அதுக்குத்தான் தெரியும். அது திடீரென்று வெளியே எடுத்தால், அது விலத்துகிறது, நீ விலத்தாதே. அதன் பின்னாலேயே வெளியே எடுக்கிற பெடியளைத்தான் ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன்.

ரேடார் வந்துவிட்டதே என்றால், வந்துவிட்டது. 2013 இல் கோர்வெற் அணி பின்னால் ரேடார் பூட்டி, வருகிற கார் எந்தப் பக்கத்தால், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டியது. நல்ல சாமான். போகிறவனுக்கு உதவும். முந்துகிறவனின் மனத்துக்கு இன்னும் ஒன்றும் பூட்டவில்லை.

ஜூலை 6

கேள்வி கேட்ட தம்பி பார வாகன லைசென்ஸ் எடுக்கப் போகிறானாம், தனியே எழுதியிருந்தான். நல்லது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போ, கச்சான் வாங்கு, ஓட்டும்போது தின்னாதே.

நேற்று முழங்காலைக் காட்ட வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனேன். றைவருக்குப் பின் இருக்கை. பெடியன், இருபத்தைந்து இருக்கும். வாயில் வெற்றிலை இல்லை, காதில் போன் இல்லை, எனக்கே சந்தேகமாக இருந்தது. கனகராயன்குளம் தாண்டி ஒரு உழவு மெசினை விலத்தினான். பெட்டியில் ஏழெட்டுப் பேர், வயல் வேலைக்குப் போகிற சனம். விலத்தி முடிந்தும் உடனே இடப்பக்கம் எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடி வலப்பக்கத்திலேயே போனான். நான் எனக்குள் எண்ணினேன். மூன்று, நாலு. பிறகுதான் எடுத்தான்.

எடுத்தவுடன் ஹோல்ட்டில் ஒரு அம்மா கை காட்டினா. தலையில் கடகம். அவன் பிறேக்கைத் தொடவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஹோல்ட்டைத் தாண்டி, ஐம்பது அறுபது மீற்றர் போய், கரையில் கிரவல் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தினான். உழவு மெசின் டக டக என்று எங்களைக் கடந்து போனது. பெட்டியில் இருந்த ஒரு சின்னவன் எங்களைப் பார்த்து நாக்கைக் காட்டினான்.

அம்மா கடகத்தோடு வெயிலில் நடந்து வந்து, மூச்சு வாங்க ஏறி, "ஏன்ரா தம்பி, கண் தெரியேல்லையோ? அங்க நிக்கிறன், இங்க கொண்டுவந்து நிப்பாட்டுறாய்" என்று திட்டினா. பின் இருக்கையில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பெடியன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு முதல் கியரைப் போட்டான்.